தூணோரச் சிரிப்பு

கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒருத்தர் சிரிக்கும்வரைக்கும் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். சென்னையில் எப்படியோ, எனக்குத் தெரியாது. கோவில்பட்டியிலும் விளாத்திகுளத்திலும் எட்டயபுரத்திலும் நான் ஏறிய மேடைகளில் எல்லாம் இதுதான் நிலைமை. முன்வரிசைக்காரர்கள் தலைவரைப் பார்ப்பார்கள். தலைவர், சிரித்தால் மரியாதை குறைந்துவிடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்கள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் செல்போனைப் பார்ப்பார். எவன் முதலில் விடுவான் என்று எல்லாரும் சிரிப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் மைக்கைப் பிடித்தபடி வேர்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வியாதிக்கு நான் கண்டுபிடித்த மருந்து என் மனைவி அஞ்சலின்.

என் பெயர் பிரின்ஸ்டன். நோட்டீஸில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று போடுவார்கள். நான் போடச் சொன்னதில்லை. மேடையில் தனியாளாக நின்று ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்க வைப்பது தொழில். வணிகர் கிளப்புகளின் குடும்ப விழா, மனமகிழ் மன்றங்களின் ஆண்டு விழா, ரிட்டயர்டு ஆசிரியர்கள் கிளப், சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடுகிற அசனம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் போட்டால் ஜனம் பசியில் முறைக்கும். சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டால் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு நேரத்தை இந்த ஊரில் எந்தச் செயலாளரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அஞ்சலினும் நானும் ஒரே பைக்கில்தான் போவோம். ஆனால் மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே அவள் இறங்கிவிடுவாள். கைப்பையை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு உறுப்பினர் வீட்டு உறவுக்காரி மாதிரி தனியாக உள்ளே வருவாள். நாலாவது வரிசை, தூண் பக்கம். அதுதான் அவள் இடம். முதல் மூன்று வரிசை முக்கியஸ்தர்களுக்கு, ஆறு ஏழுக்குப் போய்விட்டால் சிரிப்புச் சத்தம் முன்னால் எட்டாது, தூண் இருந்தால் பாதி முகம் மறையும். இதெல்லாம் அவளாகவே பார்த்து வைத்த கணக்கு. பந்தியிலும் தள்ளித்தான் உட்காருவாள். என் பொண்டாட்டி என்று தெரிந்துவிட்டால் அவள் சிரிப்புக்கு மதிப்பு போய்விடும். ஒன்பது வருஷமாக என் மனைவியின் முகம் ஊரில் ஒரு கிளப்காரருக்கும் தெரியாது.

அவள் சிரிப்பு சட்டென்று வெடிக்கும். கடைசியில் விக்கல் வந்த மாதிரி மூச்சை உள்ளே இழுப்பாள். அந்த இழுப்பைக் கேட்டுப் பக்கத்து நாற்காலிக்காரி சிரிப்பாள், அவளைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் சிரிப்பார், பிறகு தலைவருக்கும் வேறு வழி இருக்காது.

வீட்டில் அவள் என் பேச்சுக்குச் சிரித்ததே கிடையாது. புதிதாக எழுதியதை அடுப்படியில் நின்று சொல்லிக் காட்டுவேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். முடிந்ததும், ரெண்டாவது சொன்னதை முதலில் சொல்லுங்கள் என்பாள், இல்லாவிட்டால் அந்த மாமியார் எதற்கு, தூக்கிவிடுங்கள் என்பாள். அவள் சொன்னபடி மாற்றி, மேடையில் அது எடுபடாமல் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, ஊர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை வரம் கேட்டு உள்ளங்கை அளவு மரத்தொட்டில் வாங்கிக் கட்டுவது எங்கள் பக்கம் கோயிலிலும் உண்டு, சர்ச்சிலும் உண்டு. அஞ்சலின் மாதா கோயிலில் கட்டினாள், அந்தோணியார் கோயிலில் கட்டினாள். எதிர்வீட்டு முத்துச்செல்வி அக்கா சொன்னாள் என்று ஒரு அம்மன் கோயில் வேப்பமரத்திலும் கட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நானும் கூடப் போனேன். வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு, சீக்கிரம் கட்டிவிட்டு வா என்று ஹாரன் அடிக்கிற புருஷனாகத்தான் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பருத்தி வியாபாரிகள் கிளப் ஒன்றில் எனக்கு ஒன்றுமே எடுபடவில்லை. அந்த வருஷம் பருத்தி விலை படுத்துக் கிடந்தது. கூட்டம் துட்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அஞ்சலின் மூன்று தடவை சிரித்துப் பார்த்துவிட்டாள், கூட ஒருத்தரும் சேரவில்லை. யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டுல பிள்ளை இல்ல, ஆனா தொட்டிலுக்குக் கொறவே இல்ல. என் பொண்டாட்டி கட்டாத கோயில் கெடையாது. போன மாசம் சர்ச்ல மணியடிக்கிற கோயில்பிள்ளை போன் போட்டாரு. தம்பி, உங்க தொட்டில் பாரத்துல இங்கன மரக்கொப்பு முறிஞ்சிட்டு. தொட்டில் போதும். இனிமே வீட்டுல நீரும் கொஞ்சம் மெனக்கெடும் அப்படிங்காரு."

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு தூணோரத்தில் இருந்து அந்தச் சிரிப்பு வந்தது, விக்கலோடு. அதன் பின்னால் மண்டபமே சிரித்தது. தலைவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வரும்போது பைக்கில் அவள் வெகுதூரம் பேசவில்லை. அதை எழுதி வைத்திருந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, அங்கே நிற்கும்போதே வந்தது என்றேன். சரி என்றாள். வீட்டுத் தெரு திரும்பும்போது மறுபடி பேசினாள். "மரக்கொப்பு முறிஞ்சிட்டுன்னு சொன்ன ஒடனே கொஞ்சம் நிறுத்துங்க. சனம் சிரிச்சு முடிக்கட்டும். பெறவு மத்தத சொல்லுங்க."

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திருத்தம் சொன்னால் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம், வேறென்ன என்று நினைத்தேன். வாயால் பிழைக்கிறவனுக்கு அடுத்தவர் வாய் மூடியிருக்கும்போது என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் தொட்டிலை விடவில்லை. யாரோ செல்போனில் பிடித்துப் போட, அது ஊர் ஊராகப் போயிற்று. டீக்கடையில் என்னைப் பார்த்தால், தொட்டில் அண்ணாச்சி வாரார் என்றார்கள். எந்த மேடையில் ஏறினாலும் பின்வரிசையில் இருந்து, தொட்டில் சொல்லுங்க என்று குரல் வரும். சொல்வேன். மரக்கொப்பு முறிந்ததும் நிறுத்துவேன். தூணோரத்தில் இருந்து முதல் சிரிப்பு வரும். ஒரு மேடையில்கூட அவள் தவறவிட்டதில்லை.

போன ஜூன் மாதம் மணியாச்சியில் ரயில்வே ஊழியர்கள் கிளப்பில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. அன்றைக்கு அவள் முகம் வெளுத்திருந்தது. வெயில் என்றாள். வரவேண்டாம், படு என்று நான் சொல்லியிருக்கலாம். புது இடம், கூட்டம் எப்படியோ என்று பயம் எனக்கு, சொல்லவில்லை. அன்றைக்குத் தொட்டில் எடுபட்ட மாதிரி என்றைக்கும் எடுபட்டதில்லை. அவள் சிரிப்பும் அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விடச் சத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தலைவலி மாத்திரை தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சீட்டோடு ஏறிப் போய் நின்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையில் இருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

பத்து வாரம் இருந்ததாம். வியாழக்கிழமை கலைந்துவிட்டதாம். அன்றைக்கு நான் சாத்தூரில் இருந்தேன். தன் அக்கா ஆஸ்லினைப் புதியம்புத்தூரில் இருந்து வரச்சொல்லி, இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

உண்டானதையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். "முன்னாலயே சொன்னா நீங்க மேடையில சொல்லிருவீங்களோன்னு பயம்."

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அப்படியானால் சனிக்கிழமை ஏன் வந்தாய், ஏன் சிரித்தாய் என்று கேட்டேன்.

"நான் சிரிக்கலைன்னா யாரு சிரிப்பா?"

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். மணியாச்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இவள் தொடையைத் தட்டி, இந்த ஆளுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பாளே, பாவம், இதக் கேட்டா என்ன பாடுபடுவா என்றாளாம். ஆமா, பாவம் என்று இவளும் சொன்னாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். கொடியில் துணி காய்கிறவரைக்கும் இரண்டு பேரும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

சண்டை எதுவும் போடவில்லை. மறுநாள் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்லின் வீட்டுக்குப் போனாள். புதியம்புத்தூரில் தையல் தெரிந்தவளுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை. நைட்டி தைக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். டீ போட்டுக் கொடுப்பாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். வீட்டுக்கு வா என்றால் மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆகஸ்டில் ஒருநாள் டம்ளரை எடுக்கும்போது அவளே சொன்னாள்.

"அந்தத் தொட்டில எறக்குங்க. எறக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். பெறவு வாரேன்."

மாதா மேல் சத்தியம் செய்தேன். சத்தியமெல்லாம் வேண்டாம், செய்தால் போதும் என்றாள்.

செய்தேன். மூன்று மாதம் தொட்டிலை வாயில் எடுக்கவில்லை. முதல் சிரிப்புக்கு எதிர்வீட்டுச் சுடலைமணியை அழைத்துப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். மேடைகள் குறைந்தன. ஒரு கிளப்பில், தொட்டில் இல்லையென்றால் பாதி நேரம் போதும் என்றே சொன்னார்கள். நான் கவலைப்படவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், இந்த வாரமும் சொல்லவில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

நவம்பரில் பசுவந்தனை ரோட்டு மண்டபத்தில் ஒரு கிளப்பின் குடும்ப விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு என் நிகழ்ச்சி, பிறகு பிரியாணி. செயலாளர் பூவனநாதன் எனக்குப் பழக்கம், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அஞ்சலினிடம் சொன்னேன். கொஞ்சநேரம் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம், எப்பவும் போலத் தனியாக வந்து எப்பவும் போல உட்காருகிறேன் என்றாள்.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். புதுசு, எல்லாமே புதுசு. என்னைப் பற்றித்தான், ஹாரன் அடிக்கிற புருஷனைப் பற்றி. அடுப்படியில் வெறும் அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டாவது சொன்னதை முதலில் வைத்தேன். வீட்டைக் கழுவினேன். அவளுக்குப் பிடிக்கும் என்று காரச்சேவு வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை ஞாயிறு காலையிலும் விடவில்லை. ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்தரைக்குப் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது, புதியம்புத்தூர்ப் பக்கத்துப் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது என்று மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள்.

மேடையில் ஏறியதும் நாலாவது வரிசையைப் பார்த்தேன். தூண் இருந்தது. நாற்காலியில் யாரோ ஒரு அம்மாவின் கைப்பையும் குடையும் உட்கார்ந்திருந்தன.

ஆரம்பித்தேன். புதுசு ஒன்றும் எடுபடவில்லை. நல்ல பேச்சுத்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் யாராவது ஒருத்தர் தொடங்கிவைக்க வேண்டுமே. தலைவர் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். பிரியாணி வாசனை வந்ததும் பின்வரிசைகள் எழுந்திருக்கத் தொடங்கின. பூவனநாதன் மேடைக்குப் பக்கத்தில் வந்து, மைக்கில் விழாதபடி கையால் மறைத்துக்கொண்டு, தொட்டில் சொல்லும்படி கெஞ்சினார். இது எடுபடாவிட்டால் தலைவர் தன்னைத்தான் கடிப்பார் என்றார். முன்வரிசையில் தலைவரின் மனைவியும், ஆமா, தொட்டில் என்றார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தொட்டில், தொட்டில் என்று கை தட்டினார்கள்.

மறுபடியும் தூணைப் பார்த்தேன். கைப்பையும் குடையும்தான். அவள் வரவில்லை. வர முடியாது, பஸ் இல்லை. ஒரு பக்கம் இப்படி நினைத்தேன். இன்னொரு பக்கம், மனசிருந்தால் நேற்றே கிளம்பியிருக்கலாமே, நான் இங்கே தனியாகச் சாகிறேன், இவளுக்கு என்ன என்று கோபம் வந்தது. இன்றைக்கு ஒரே ஒரு தடவை. யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? அடுத்த ஞாயிறு போய், சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். இவ்வளவையும் நினைக்க எனக்கு இரண்டு கைத்தட்டல் நேரம் போதுமாக இருந்தது.

சொன்னேன்.

மரக்கொப்பு முறிந்ததும் நிறுத்தினேன். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வாசல் பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. சட்டென்று வெடித்து, கடைசியில் விக்கலோடு மூச்சை உள்ளே இழுத்தது. அதன் பின்னால் அத்தனை பேரும் சிரித்தார்கள். எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சத்தை நான் சொல்லவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, நடுவில் இருந்த பாதையில் வாசலைப் பார்த்து ஓடினேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

வாசலில் மண்டபத்தைக் கூட்டுகிற வெயிலுகந்தம்மாள் துடைப்பத்தோடு நின்றார். ஒரு பெண் வந்தாளா என்று கேட்டேன்.

"பெட்டியோட ஒரு பிள்ளை வந்துச்சுய்யா" என்றார். "பஸ்ஸு பாலத்துக்கு அந்தாண்டயே நின்னுட்டாம். பருத்திக் காட்டு வழியா நடந்து வந்திருக்கு, முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. நான்தான் உள்ள டைல்ஸு, மண்ணோட ஏறாதன்னு சொன்னேன். இங்கன ஒக்காந்து அரைமணி நேரமா வழிச்சு வழிச்சுப் போட்டுச்சு. நீங்க பேசுனத கேட்டு அதுவா சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, சத்தமில்லாம. கால் கழுவி எந்திரிச்சு, உள்ள வரப்போச்சு. அப்பத்தான் நீங்க அந்தத் தொட்டில் கதைய எடுத்தீங்க. சத்தமா ஒரு சிரிப்பு சிரிச்சிச்சு. பெறவு பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆட்டோல ஏறி, வந்த பக்கமே திரும்பிப் போயிருச்சு."

போகும்போது இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு போனவள். வரும்போது பெட்டியோடு வந்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றது சும்மா, முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். அந்தப் பெட்டியோடு அவள் வர இருந்தது என் வீட்டுக்கு. வீட்டில் மேசை மேல் சேவு இருந்தது.

அவள் கேட்கவேண்டும் என்று எழுதியதையெல்லாம் இந்தப் படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். கேட்டுச் சிரித்திருக்கிறாள், வீட்டில் ஒருநாளும் சிரிக்காதவள். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் ஆட்டோவை மறித்திருக்கலாம். மறித்து எதைச் சொல்வது? சொல்வதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கு. அதை அவள் காது கேட்கவே உடைத்துவிட்டேன். படியில் அவள் காலில் இருந்து வழித்துப் போட்ட கரிசல் மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. வெயிலுகந்தம்மாள் அதைக் கூட்டித் தள்ளப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

பூவனநாதன் குடையோடு பின்னாலேயே ஓடி வந்தார். முகமெல்லாம் பல். தலைவர் போட்டோ எடுக்கக் கூப்பிடுகிறார் என்றார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, வாசல்ல ஒரு பொம்பள மொதல்ல சிரிச்சாளே, அதுலதான் சபை சூடு பிடிச்சிச்சு. யாரு அது?"

"என் பொண்டாட்டி" என்றேன்.

ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக ஒரு கிளப்காரரிடம் அதைச் சொன்னேன். பூவனநாதன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உமக்கு எதை எடுத்தாலும் பொண்டாட்டிதானா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, என்னைக் குடைக்குள் இழுத்து மண்டபத்துக்குள் அழைத்துப் போனார்.